மழையில் திறந்த வெடிப்பு

சரியாமல் நின்றுவிட்ட ஒரு மண்மேடு, நாங்கள் தண்ணீரை வடித்துவிட்டதால் நின்றதா, எதுவும் செய்யாமல் விட்டிருந்தாலும் நின்றிருக்குமா?

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சுரங்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இப்படி ஆரம்பிப்பது சரியா என்றும் தெரியவில்லை. பணி அனுபவங்களை வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள் எழுதுவார்கள். எது சரி, எது தவறு என்று தெளிந்த பிறகு நிதானமாக எழுதுவார்கள். நான் ஓய்வு பெற இன்னும் வெகுகாலம் இருக்கிறது. என் மகளுக்கே இப்போதுதான் மூன்று வயது ஆகப்போகிறது. ஆனால் கழிவு மண்ணைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலையில் எனக்கு முன்னால் இருந்தவர்கள் யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. நான் சேர்ந்தபோது அந்தப் பொறுப்பில் இருந்தவர் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தார். அவர் விட்டுப்போன மழைக்கோட்டு ஒன்றுதான் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்க ஆள் இல்லாமல் நான் பட்ட அவஸ்தையை நீங்களும் படக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். தெளிவு இல்லாததைத் தெளிவு போலச் சொல்ல மாட்டேன்.

அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கங்களில் சுண்ணாம்புக்கல் உடனே கைக்கு வந்துவிடாது. மேலே கரிசல், அதற்குக் கீழே களி, அதற்கும் கீழேதான் கல். மேலே இருப்பதை எல்லாம் அள்ளி வேறிடத்தில் கொட்டியாக வேண்டும். கொட்டிய மண் வருடக்கணக்கில் சேர்ந்து மேடாக எழும்பும். அந்த மேடு சரியாமல் பார்த்துக்கொள்வதும், அதிலிருந்து கரைந்து வரும் சேற்று நீர் பக்கத்து வயல்களுக்குள் புகாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. மேட்டின் அடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் ஓடும். சேற்று நீர் அதில் இறங்கி, ஒரு குட்டையில் வண்டலைப் படியவிட்டு, தெளிந்த பிறகு ஏரிக்குப் போகும். அந்த வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் மேட்டின் அடியிலேயே தங்கிவிடும். அடி ஊறினால் மேலே இருக்கும் மண்ணைத் தாங்காது. இந்த வேலையில் பாதி, அந்த வாய்க்கால் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான்.

காலைக் கூட்டத்தில் கல்லைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். எந்த வண்டி பழுது, ஆலைக்கு இன்று எவ்வளவு வேண்டும், வெடி எத்தனை மணிக்கு. டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு போகும்போதுதான் மேனேஜர் என் பக்கம் திரும்புவார்.

"மண்ணு சைடு ஒண்ணும் பிரச்னை இல்லையே மேடம்?"

"இல்ல சார்."

அவ்வளவுதான். மற்றவர்கள் கூட்டமாகக் குவாரிக்குள் இறங்குவார்கள். நான் தனியாக மேட்டுக்கு நடப்பேன். அங்கே காற்றும் சீமைக்கருவேலமும்தான் துணை. ஒரு பகல் முழுக்க யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிய நாட்கள் உண்டு. வீட்டுக்கு வந்தாலும் பேச ஆள் கிடையாது. கணவருக்கு ஓசூரில் வேலை. நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்தபோது என் மகளுக்கு எட்டு மாதம். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த மேரி அக்காதான் பகலில் அவளைப் பார்த்துக்கொண்டார். வரதராஜன்பேட்டைக்காரர், பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். மாலையில் குழந்தையைக் கையில் கொடுக்கும்போது, "மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு? இன்னிக்கும் மண்ணுகூட சண்டையா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே சீக்கிரம் வீட்டுக்கு வரத் தோன்றும்.

சுரங்கத்தில் என்னிடம் சிரித்துப் பேசியவர் செல்வராசு அண்ணன் ஒருவர்தான். பொக்லைன் ஓட்டுபவர். எனக்கு 'வெடிப்பு மேடம்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது என்று நான் அடிக்கடி சொல்வேன். கரிசல் பூமியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வெடிப்பு ஒரு செய்தியே இல்லை. கோடையில் ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வயல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

"கரிசல்னா வெடிக்காம சிரிக்குமா மேடம்?" என்பார். "நீங்க வெடிப்பு பாக்கப் போறதாலதான் அது வெக்கப்பட்டுப் பொளக்குது."

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பிய அன்று என் மேசைக்கு வந்தார். "பாப்பா யாரு ஜாடைங்க? கன்னத்துல ஏதாவது வெடிப்பு தெரியுதா?" கன்னத்தில் குழி விழுகிறதா என்று கேட்கிறார் என்று புரிந்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்த ஆபீசில் நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மேட்டின் வடக்குப் பக்கம், அடிவாரத்தை ஒட்டி ஒரு கருப்பு கோயில் இருக்கிறது. கட்டடம் கிடையாது. ஒரு வேப்பமரம், மூன்று கல், நட்டு வைத்த வேல்கள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தபோது சாமியைத் தொடக்கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். நிர்வாகமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. சாமி இருந்த இடத்திலேயே இருக்க, மேடுதான் வளர்ந்து பக்கத்தில் வந்துவிட்டது. அந்தக் கருப்பைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் மொட்டை, காதுகுத்து என்றால் அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். செல்வராசு அண்ணன் குடும்பமும் அதில் ஒன்று.

கோயிலுக்குப் போகும் பாதைக்குக் குறுக்கே வாய்க்கால் ஓடுகிறது. விசேஷம் என்றால் அண்டா, தண்ணீர் டிரம், நடக்க முடியாதவர்கள் எல்லாம் வண்டியில் மரத்தடி வரை போக வேண்டும். அதற்காக ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். முதல் நாள் வாய்க்காலில் ஒரு சிமெண்டுக் குழாயை இறக்கி, அதன்மேல் மண்ணைப் போட்டு நிரவி, வண்டி கடக்கும்படி செய்துவிடுவார்கள். தண்ணீர் குழாய் வழியாக ஓடும். விசேஷம் முடிந்ததும் எல்லாவற்றையும் அள்ளிவிடுவார்கள். யாரும் உத்தரவு போட்டுச் செய்வதில்லை. ஷிப்டு முடிந்த டிரைவர்கள் சாமி காரியம் என்று தாங்களாகச் செய்வது.

அந்த ஐப்பசியில் செல்வராசு அண்ணனின் தங்கை கவிதாவுடைய முதல் குழந்தைக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். கவிதாவை வேப்பந்தட்டையில் கட்டிக் கொடுத்திருந்தாலும், பிறந்த வீட்டுச் சாமிக்கு நேர்ந்துகொண்டதால் இங்கே வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் இவர். ஒரு மாதமாக அவர் வாயில் வேறு பேச்சே இல்லை. கம்மல் எந்தக் கடையில் எடுத்தது, பட்டுப்பாவாடை என்ன நிறம் என்பதெல்லாம் எனக்கே மனப்பாடம்.

அந்த முறை குழாய் உடைந்து கிடந்தது. மழை வருவதற்குள் வழியைப் போட்டுவிட வேண்டும் என்று, விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே வெறும் மண்ணைக் கொட்டி வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். வானம் அப்போது வெறிச்சோடி இருந்தது. ஒரு வாரம்தானே, அப்புறம் அள்ளிவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். அடுத்த நாள் பிடித்த மழை விடவில்லை. நான் தெற்குப் பக்கத்தில் குட்டையின் கரை உடையாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். வடக்கே இப்படி ஒரு வழி போட்டிருப்பது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மதியம்தான் வடக்குப் பக்கம் போனேன். மறுநாள் காலை காதுகுத்து. அடைத்த மண்ணுக்கு மேல்பக்கம் வாய்க்கால் குளம் மாதிரி நின்றது. மேட்டின் அடி தண்ணீருக்குள் இருந்தது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு மேலே ஏறிப் பார்த்தேன். விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, விளிம்பு வளைந்த இடத்தில் தானும் வளைந்து, ஒரு வெடிப்பு நீளமாகப் போனது. அதற்கு நேர் கீழே கருப்பு கோயில்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் சந்தேகமில்லாமல் சொல்வேன். வெயிலில் விட்ட வெடிப்பு கண்டபடி ஓடும், மழை பெய்தால் ஊறி மூடிக்கொள்ளும். ஒரு வாரம் மழை பெய்த பிறகும் திறந்து நிற்கிற, விளிம்பைப் பார்த்துக்கொண்டே ஓடுகிற வெடிப்பு வேறு. அது மண் நகரத் தொடங்கியதன் அடையாளம். ஆனால் நகரத் தொடங்கிய மண் எல்லாம் சரிந்துவிடுவதில்லை. கொஞ்சம் இறங்கி, அப்படியே வருடக்கணக்கில் நின்றுவிடுவதும் உண்டு. எது எப்போது சரியும் என்று அந்த வெடிப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியவில்லை.

மேனேஜருக்குப் போன் செய்தேன். திருச்சியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். நாதஸ்வரச் சத்தத்துக்கு நடுவே மூன்று முறை சொன்ன பிறகுதான் அவருக்குக் கேட்டது.

"வெடிப்பா? கரிசல்தானே மேடம்?"

"மழையில திறந்திருக்கு சார். அடியில தண்ணி நிக்குது. நாளைக்கு அங்க விசேஷம்."

நாதஸ்வரச் சத்தத்திலிருந்து தள்ளி வந்து பேசினார். "நீங்க ஸ்பாட்ல இருக்கீங்க, நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க. ஆனா சாமி விஷயம். ஊருக்குள்ள பிரச்னை வந்துரக்கூடாது, பாத்துக்கங்க."

இந்த மாதிரி வாக்கியம் உங்களுக்கும் வரும். அதில் இரண்டு உத்தரவுகள் இருக்கும், ஒன்றைச் செய்தால் மற்றது நடக்காது. எதைச் செய்தாலும் இன்னொன்றை மீறியவர் நீங்கள்தான். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

சுரங்கத்தின் கேட்டைப் பூட்டிவிடலாம் என்று யோசித்தேன். பூட்டினாலும் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒற்றையடிப்பாதை இருக்கிறது. குறித்த நாளில் ஒரு சூடமாவது கொளுத்த யாராவது வருவார்கள். அதோடு, தண்ணீர் நிற்க நிற்க அடி ஊறிக்கொண்டே இருக்கும். அடைப்பை வெட்டிவிட்டால் இரண்டும் தீரும். தண்ணீர் வடியும், வெள்ளம் ஓடும் வாய்க்காலைத் தாண்டி யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். வெட்ட வேண்டுமென்றால் பொக்லைன் வேண்டும். அன்று மதியம் ஷிப்டில் இருந்த பொக்லைன் டிரைவர் செல்வராசு அண்ணன்.

கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

"வெளையாடுறீங்களா மேடம்? சாமிக்குப் போற வழிய நானே வெட்டுறதா?"

"ஒரு தடவ மேல வந்து பாருங்கண்ணே."

மழையில் வந்தார். வெடிப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கையை விட்டார். முழங்கை வரை உள்ளே போனது. கையை எடுத்து, சேற்றை லுங்கியில் துடைத்துக்கொண்டு, "கரிசல்தானே" என்றார். குரல் பழைய குரலாக இல்லை.

"ஒரு வாரமா மழை பெய்யுதுண்ணே. மழையில கரிசல் வெடிக்குமா?"

அவர் எழுந்தார். கீழே இறங்கி வந்ததும் பாக்கெட்டிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் வெட்ட மாட்டேன். நீங்க ஆபீசர், நீங்க வெட்டிக்கங்க."

எனக்குப் பொக்லைன் ஓட்டத் தெரியாது என்று இருவருக்குமே தெரியும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு அசட்டுப் பேச்சு பேசினேன். "சரிண்ணே. நாளைக்கு நான் வந்து பாதையில நின்னுக்குறேன். யாரையும் உள்ள விட மாட்டேன்."

"எங்க மச்சான ஒங்களுக்குத் தெரியாது. ஒங்களத் தூக்கி ஓரமா வச்சிட்டு, கூட ஒரு கொடையும் குடுத்துட்டுப் போவாரு."

அப்போது அவர் போன் அடித்தது. கவிதா. மழை இரைச்சலில் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, வேன்காரரு கேக்குறாரு. கோயில் வரைக்கும் வண்டி வருமா? மழையா இருக்கே, வழி நல்லாருக்கா?"

செல்வராசு அண்ணன் மேட்டை அண்ணாந்து பார்த்தார். என்னிடம் அவ்வளவு பேசியவருக்கு, தங்கையிடம் 'நல்லாருக்கு' என்ற ஒரு வார்த்தை வரவில்லை.

"அண்ணே? கேக்குதா?"

"வழி இல்லம்மா" என்றார். "வெட்டியாச்சு."

போனை வைத்துவிட்டு என் கையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டார்.

அடுத்து எடுக்க வேண்டிய முடிவுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மேடு ஆபத்தானது என்று சொல்லும் நான், அதே மேட்டுக்குக் கீழே ஒரு மனிதரை வேலை செய்யச் சொல்கிறேன். வண்டியை வாய்க்காலின் வெளிக்கரையிலேயே நிறுத்தச் சொன்னேன். வண்டியின் கையை நீட்டி அள்ள முடிந்த அளவு போதும். மேட்டைப் பார்த்தபடி வண்டி நிற்கட்டும், நான் விசில் ஊதினால் எதையும் பார்க்காமல் பின்னால் எடுத்துவிட வேண்டும். நான் தள்ளி நின்று விளிம்பையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் தலையாட்டினார். வண்டியில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகச் சொன்னார்.

"கருப்பு, இந்தம்மா சொல்லித்தான் வெட்டுறேன். எதுன்னாலும் அவங்க பேர்ல எழுதிக்க."

சிரிப்பு வரவேண்டிய பேச்சு. நான் விசிலை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டேன்.

அவர் அள்ள அள்ள நான் விளிம்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் மேரி அக்கா போன் செய்தார். குழந்தைக்கு உடம்பு லேசாகச் சுடுகிறது, பால் குடிக்க மாட்டேன் என்கிறாள், வர முடியுமா என்றார். முடியாது என்றேன். பால் கட்டி, மழைக்கோட்டுக்குள்ளே சட்டை நனைந்திருந்தது. எந்தக் குழந்தையை விட்டுவிட்டு எந்தக் குழந்தைக்காக நிற்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் அடைப்பு உடைந்து தண்ணீர் பாய்ந்தது. மேட்டின் அடியில் நின்ற குளம் கண்முன்னே இறங்கத் தொடங்கியது. செல்வராசு அண்ணன் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு, என் பக்கம் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை அவர்கள் எப்படியும் வந்தார்கள். சமைத்தாயிற்று, நேரம் குறித்தாயிற்று, ஆசாரியும் வந்துவிட்டார். கேட்டுக்கு வெளியே ரோட்டோரம் ஒரு கிழிந்த தார்ப்பாயைக் கட்டி, தூறலில், கோயில் இருக்கும் திசையைப் பார்த்து உட்கார்ந்து காது குத்தினார்கள். செல்வராசு அண்ணன் மடியில் குழந்தை வீறிட்டது. நான் பூட்டிய கேட்டுக்கு உள்ளே நின்றேன். வாய்க்காலில் வெள்ளம் குறையும்போது ஒற்றையடிப்பாதை வழியாக யாரும் போய்விடக்கூடாது என்பதற்காக நிற்க வேண்டியிருந்தது.

"ஒரு பொம்பள, அதுவும் புள்ள பெத்தவ, இப்படிப் பண்ணுவாளா?" என்று யாரோ கேட்டார்கள். "படிச்சவங்கடி. அவங்களுக்கு என்ன சாமி, என்ன பூதம்" என்றது இன்னொரு குரல்.

பிறகு பந்தி. காதுகுத்துக்கு ரோட்டில் போகிறவரைக்கூடக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். வாட்ச்மேனுக்கு இலை போட்டுக் கூப்பிட்டார்கள், வேன் டிரைவரைக் கூப்பிட்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற என்னை யாரும் கூப்பிடவில்லை. கவிதா மட்டும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். கையில் குழந்தை இருந்தது. இரண்டு காதிலும் மஞ்சள். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

மேடு சரியவில்லை.

அன்றும் சரியவில்லை, அந்த மழைக்காலம் முழுக்கவும் சரியவில்லை. திங்கட்கிழமை கூட்டத்தில் மேனேஜர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "என்ன மேடம், விழலையே" என்றார். கிண்டலா, நிம்மதியா, தெரியவில்லை. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். மேடு சரிந்திருந்தால் எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். அப்படி ஒரு நினைப்பு எனக்குள் வந்ததும் பயந்துபோனேன். சரியக்கூடாது என்பதற்குத்தானே அவ்வளவும் செய்தேன்!

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: நீங்கள் தடுத்ததை யாரும் பார்க்க மாட்டார்கள். நீங்களும் பார்க்க மாட்டீர்கள். கல் உடைப்பவருக்கு மாலையில் கல் இருக்கும். உங்களுக்கு எதுவும் நடக்காத ஒரு நாள் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நீங்கள் செய்தது சரியா என்று யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

தை பிறந்து மண் காய்ந்ததும் வடக்குப் பக்கத்தை மேலிருந்து அகலமான படிகளாக வெட்டி இறக்கினோம். சரிவு பாதியாகக் குறைந்தது. கோயில் பாதையில் நிரந்தரமாகப் பெரிய குழாய் போட்டு மேலே கான்கிரீட் பூசினோம். அந்த வேலை முழுவதையும் செய்தவர் செல்வராசு அண்ணன். "சரிங்க மேடம்", "ஆச்சுங்க மேடம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. 'வெடிப்பு மேடம்' என்று அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை. அந்தப் பெயருக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கவிதாவின் குழந்தைக்குக் காதில் சீழ் வைத்து, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். கருப்பு பார்க்காத காதுகுத்து, அதனால்தான் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்களாம். ஈரத்தில், தூறலில் குத்தினால் சீழ் வைக்கத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று இரவு என் மகளின் காதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் தூங்காமல் இருந்தேன். கோயிலில் மழைக்கு ஒதுங்க மரமாவது இருந்தது, ரோட்டோரத்துக்குத் துரத்தியது நான்தானே என்று தோன்றியது. மறுகணம், வேறு என்ன செய்திருக்க முடியும் என்று தோன்றியது. இரண்டும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன.

இரண்டு வருடமாக அந்தக் கோயிலில் விசேஷத்துக்கு அனுமதி கிடையாது. இந்த வருடம் மேட்டை மறுபடி அளந்து பார்த்தேன். மண் நகர்கிறதா என்று பார்க்க நட்டு வைத்த குச்சிகள் இரண்டு மழைக்காலமாக இடம் மாறவில்லை. வாய்க்கால் ஓடுகிறது. வெடிப்பு இல்லை. பாதுகாப்பானது, அனுமதிக்கலாம் என்று கையெழுத்துப் போட்டேன். போடும்போது எந்தத் தயக்கமும் வரவில்லை. அதை எழுதுகையில் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

போன வாரம் கவிதா என் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருக்கிறது, அதற்குக் காதுகுத்து. மூத்தவளுக்கும் விட்டுப்போன படையலைச் சேர்த்துப் போடுகிறார்களாம். பத்திரிகை வைக்க வந்திருந்தாள். மூத்தவளும் என் மகளும் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டார்கள்.

"அண்ணன்தான் போய் வையின்னு அனுப்புச்சு" என்றாள். "அது வாயத் தொறந்து சொல்லாது. ஒங்க மேல கோவமெல்லாம் இல்லக்கா. அன்னிக்கு எங்கிட்ட 'வழி இல்ல'ன்னு சொன்னப்ப அது கொரலு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

டீயை ஆற்றிக் கொடுத்தேன்.

"மேடு இப்ப நல்லாருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க?"

"ஆமா கவிதா."

"அப்ப பாப்பாவத் தூக்கிட்டு வாங்க. எங்க புள்ளைங்களோட அதுவும் ஒக்காரட்டும். எங்க வூட்டுக்காரரு பக்கத்து ஆளுங்க இன்னும் பயந்துகிட்டுத்தான் இருக்காங்க. அன்னிக்கு வேணாம்னவங்களும் நீங்க, இன்னிக்குப் போலாங்குறவங்களும் நீங்க. நீங்க ஒங்க புள்ளையோட வந்து அந்த மரத்தடியில ஒக்காந்தா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. மனசார அழைத்தாள். அதனால்தான் மறுக்க முடியவில்லை. பார்க்கிறேன் என்றேன். அவள் போன பிறகு மறுபடி மேட்டுக்குப் போய் நடந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் போனேன். ஒன்றும் இல்லை.

விதியைக் காட்டித் தப்பிக்கவும் வழியில்லை. விசேஷத்துக்கு வருகிறவர்கள் குழந்தைகளோடு வரலாம் என்று அனுமதியில் எழுதியிருப்பதே நான்தான். அவர்கள் பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட எனக்கு, என் பிள்ளையை உட்கார வைப்பதை நினைத்தால் பயமாக இருக்கிறது. அது மேட்டைப் பற்றிய பயமா, வெறும் தாய்ப் பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பயம் இருந்தால் கையெழுத்தைத் திரும்ப வாங்க வேண்டாமா? அப்படி வாங்கினால், அளந்ததை எல்லாம் விட்டுவிட்டு என் நடுக்கத்தை நம்பியதாக ஆகாதா? ஒருவேளை மகளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டால், நாளைக்கு இந்தப் பொறுப்புக்கு வரும் உங்களிடமும் உங்கள் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்வார்களே, அந்த வழக்கத்தை நான் ஆரம்பித்து வைக்கலாமா? போகாமல் விட்டால் செல்வராசு அண்ணன் தன் வீட்டாரிடம் என்னவென்று சொல்லுவார்?

ஓசூருக்குப் போன் செய்து கணவரிடம் கேட்டேன். உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய் என்றார். மேரி அக்கா, நான் வேண்டுமானால் பாப்பாவை அன்றைக்கு ஊருக்குக் கூட்டிப் போய்விடட்டுமா, கேட்டால் ஊரில் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அந்த யோசனையைக் கேட்டதும் எனக்கு ஒரு நொடி நிம்மதி வந்தது. வந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

உங்களில் சிலர் என்னைவிடப் புதிய படிப்பு படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் வேறு சுரங்கங்களில், என்னுடையதைவிடப் பெரிய மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளை பெற்றவர்களும் இருப்பீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. வருகிறேனா, யாரோடு வருகிறேன் என்று அதற்கு முன்னால் கவிதாவிடம் சொல்லியாக வேண்டும். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். 'உனக்கு எது சரியென்று படுகிறதோ' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.